காம்பில் கட்டிய நூல்

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் பூசணிக்காய்க்குத்தான் மரியாதை. அன்று யாராவது உங்களைப் பூசணிக்காய் என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நன்றி சொல்ல வேண்டும் என்று சைக்கிள் கடைக்காரர் மைக்கில் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் அதே நகைச்சுவை. ஒவ்வொரு வருஷமும் ஊர் சிரிக்கும்.

அறுவடை முடிந்து, கொடியெல்லாம் காய்ந்து சுருண்ட பிறகு விழா. கடைத்தெரு முழுக்க மஞ்சள் காகிதம் கட்டுவார்கள். பெரிய காய் யாருடையது என்று இரும்புக்கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. கோப்பையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஊர் எல்லையில் இருக்கும் விதைப் பண்ணையில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கும், அதற்குத்தான் அத்தனை போட்டியும். படிப்பு என்ன, சான்றிதழ் எங்கே என்றெல்லாம் அங்கே கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான். வாங்கிய வீடு மறுபடி போட்டியில் நிற்க முடியாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பாடம் ஏறாமல் இல்லை. எழுந்து வாசி என்றால் குரல் வராது. தொண்டையில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். வகுப்பு சிரிக்கும், அதற்குப் பிறகு சுத்தமாக வராது. ஒரு நாள் பையை ஆணியில் மாட்டினேன், மறுபடி எடுக்கவில்லை. வீட்டிலும் யாரும் எடு என்று சொல்லவில்லை. அப்பா தச்சு வேலை செய்பவர். பட்டறைக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கேதான் என் பொழுது போயிற்று.

விதைப் பண்ணையை வேலிக்கு வெளியே நின்று பல தடவை பார்த்திருக்கிறேன். பச்சை வலைக் கூடாரங்கள் வரிசையாக நிற்கும். உள்ளே ஒவ்வொரு கொடிக்கும் ஒருத்தர் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பூவோடுதான் வேலை. பூ எழுந்து வாசி என்று சொல்லாது. எனக்கென்று உலகத்தில் ஓர் இடம் இருந்தால் அது அந்த வலைக்குள்தான் என்று எனக்குத் தோன்றும்.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ ஒரே ஒரு காலைதான் திறந்திருக்கும். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், அப்புறம் திறக்காது. நாளைக்குத் திறக்கப் போகிற மொட்டை முந்தின நாள் சாயங்காலமே அடையாளம் கண்டு, நுனியை நூலால் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேனீ எங்கோ போய் எதையோ கொண்டுவந்து தடவிவிடும். விடிந்ததும் நூலை அவிழ்த்து, நாம் தேர்ந்தெடுத்த ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அதன் மகரந்தத்தை உள்ளே தடவி, மறுபடி கட்ட வேண்டும். பிஞ்சு நின்றுவிட்டது என்று தெரிந்ததும் நூலைக் காம்புக்கு மாற்றித் தளர்வாகக் கட்டுவோம். காய் அறுக்கும்வரை, விழா மேடைக்குப் போகும்வரை, அந்த நூல் காம்பிலேயே இருக்கும்.

மேடையில் ஜெயித்தவர், 'என் கையால் கட்டினேன், என் கையால் அவிழ்க்கிறேன்' என்று மைக்கில் சொல்லிவிட்டு அந்த நூலை அவிழ்த்து, விதைப் பண்ணையை நடத்தும் பண்ணையம்மாவிடம் கொடுக்க வேண்டும். கத்தி கூடாது, கத்தரிக்கோல் கூடாது. எப்போதோ ஒருவன் இன்னொருவன் நிலத்துக் காயைத் தூக்கிக்கொண்டு வந்து ஜெயித்துவிட்டானாம். அதிலிருந்து வந்த ஏற்பாடு. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு முடிச்சு வைத்திருப்பார்கள். கட்டினவர் கைக்குத்தான் அது அவிழும்.

என் முடிச்சை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். கட்டி முடித்ததும் இரண்டு நுனிகளையும் ஒரே நீளமாக வெட்டிவிடுவேன். பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வலப்பக்க நுனியை இழுத்தால் மொத்தமும் ஒரே நொடியில் கழன்று வரும். இடப்பக்கத்தை இழுத்தால் இறுகும். இன்னும் இழுத்தால் இன்னும் இறுகும்.

அந்த வருஷம் என் கொடியில் ஒரு பிஞ்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளி எறிந்தேன். கிள்ளும்போது அம்மா பார்த்துவிட்டு, "பைத்தியமா உனக்கு? அத்தனையும் கூட்டுக்காவது ஆகியிருக்கும்" என்றாள். கொடியின் கணுக்களை மண்ணுக்குள் புதைத்தேன், அங்கேயெல்லாம் வேர் இறங்கியது. மதிய வெயிலில் தோல் வெடிக்காமல் இருக்கப் பழைய போர்வையை நான்கு குச்சியில் கட்டி நிழல் போட்டேன். அப்பா ஒரு பலகையை இழைத்துக் கொடுத்தார், காய் ஈரத்தில் அழுகாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்க. "நாற்காலி போட்டுக் குடுத்திருக்கேன், உன் மகாராணிக்கு" என்றார். அப்பா என்னிடம் விளையாட்டாகப் பேசுவது அபூர்வம். அந்தப் பலகையை நான் தினமும் துடைத்தேன்.

காய் உருண்டது, பருத்தது, பிறகு கட்டுக்கடங்காமல் போயிற்று. அக்காவின் குழந்தை அதன்மேல் சாய்ந்து நின்றுதான் நிற்கப் பழகியது. இரண்டு கையாலும் மத்தளம் மாதிரி தட்டும்.

அக்கா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு என்று பெட்டியோடு வந்தவர்கள், பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். மாமா நல்லவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். நான் சத்தமில்லாமல் நடக்கிறேன் என்று எனக்குப் பூனை என்று பெயர் வைத்ததே அவர்தான். ஒரு நாள் எனக்காகத் தண்ணீர்க் குடம் தூக்கிவந்துவிட்டு மூன்று நாள் முதுகு வலி என்று படுத்திருந்தார். "பூனை, உன் பூசணி என் முதுகெலும்பைத் தின்னுடுச்சு" என்றார். வீடே சிரித்தது. நானும்தான்.

காய் தலையணை அளவுக்கு வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் அக்கா கொடிப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். நான் அடுத்த கொடியில் ஒரு மொட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னடி, பூவுக்குச் சடை பின்னுறியா?"

"இல்லக்கா. தேனீ போகாம இருக்கணும்."

"எனக்கும் சொல்லிக் குடேன். அந்த முடிச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். என்னிடம் யாரும் எதையும் சொல்லிக் கொடு என்று கேட்டதில்லை. "உனக்கு எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னா? தங்கச்சி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா, அக்கா கத்துக்கக் கூடாதா? ரொம்பத்தான் பண்ணாதே."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, சந்தோஷத்தில்.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் அம்மா எவ்வளவோ மாற்றப் பார்த்தாள். சோறு பரிமாறுவதிலிருந்து கதவுத் தாழ்ப்பாள் போடுவது வரைக்கும் எல்லாம் இடது கைதான். எனக்கு வருகிற மாதிரி சொல்லிக் கொடுத்தால் அவளுக்கு வராது. எனவே அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிவது போல என்னைப் பார்த்துச் செய்யச் சொன்னேன். நான் வலப்பக்கம் சுற்றுவதை அவள் இடப்பக்கம் சுற்றினாள். அவள் கட்டியதில் இடப்பக்க நுனியை இழுத்தால்தான் அவிழும்.

"நூலை முதல்ல நாக்குல தொட்டு நனைச்சுக்கணும்" என்றேன்.

"சீ, எச்சியா?"

"தண்ணி வழுக்கும்கா. எச்சிதான் நல்லாப் பிடிக்கும்."

"உன் ரகசியமெல்லாம் அசிங்கமாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். ஆனால் நனைத்தாள். ஐந்தாறு தடவை தப்பாகப் போட்டு, பிறகு பிடித்துக்கொண்டாள். இடப்பக்கத்தை இழுத்ததும் முடிச்சு கழன்று நூல் நேராக விழுந்ததைப் பார்த்து, "அட!" என்றாள். அந்த "அட" எனக்கு வெகுநாள் காதிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் அறை ஜன்னல் கம்பியில் துண்டு துண்டாக நூல் கட்டியிருப்பதைப் பார்த்தேன். பழகுகிறாள் என்று நினைத்தேன். உண்மைதான், பழகியிருக்கிறார்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுக்க அப்பாதான் போனார். ஊர் மன்றத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். என்னால் அங்கே போய் நிற்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்ததும், "குடுத்தாச்சு" என்றார். "ஒண்ணும் கேக்கலையாப்பா?" என்றேன். "என்ன கேப்பாங்க? போய் வேலையைப் பாரு" என்றார். நான் போய் வேலையைப் பார்த்தேன்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு வரியை மைக்கில் சொல்ல வேண்டுமே. என் கையால் கட்டினேன், என் கையால் அவிழ்க்கிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பூசணிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கொஞ்சம் குரல் வந்தது. ஒரு நாள் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துப் பட்டறையில் அப்பாவின் இழைப்புளி நின்றது. ஒரு நொடி கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்பா கேட்டிருக்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று அன்று நான் யோசிக்கவில்லை.

விழா அன்று காலையில் போர்வையைக் காய்க்கு அடியில் கொடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள். அம்மா மாமாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் நீல உடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அம்மா ஒரு தடவை பார்த்தாள். மறுபடி சட்டைக் காலரைப் பார்த்தாள்.

"நீ எதுக்கு இதைப் போட்டே? குழந்தை வாந்தி எடுத்தா கறை போகாது."

"மேடைக்கும்மா."

"சரி சரி. குழந்தையோட தொப்பியை எடுத்து வச்சுக்க, வெயில் அடிக்கும்" என்றாள்.

கடைத்தெருவில் நடக்க இடமில்லை. மஞ்சள் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகள், பூசணி போல ஊதிய பலூன்கள், பேண்டு வாத்தியம். மேடைக்குப் பக்கத்தில் இரும்புக்கடைத் தராசு. செங்கல் சூளைக்காரரின் காய்தான் ரொம்ப நேரம் முன்னால் இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். எங்கள் காயை வைத்ததும் தராசுத் தட்டு முனகியது. இரும்புக்கடைக்காரர் எடைக்கல்லை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு கல் கொண்டுவரச் சொன்னார். ஊர் கத்தியது.

"சூளைக்காரரே, உங்க காயைச் செங்கல்லா அறுத்துடலாமா?" என்றார் சைக்கிள் கடைக்காரர் மைக்கில். பிறகு குரலை ஏற்றினார். "முதல் பரிசு, விதைப் பண்ணை வேலையோட சேர்த்து, நம்ம தச்சர் வீட்டுக்கு!"

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"தச்சரோட மருமகன், மேடைக்கு வரவும்!"

எடுத்து வைத்த காலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மாற்றிப் படித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், போய்ச் சொல்லுவார் என்று. அப்பா கை தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், மேடையையே பார்த்துக்கொண்டு தட்டினார். அம்மா குழந்தையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். கை தானாகப் பிடித்துக்கொண்டது. மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு படி ஏறினார்.

"அம்மா" என்றேன்.

"அப்புறம் பேசலாம்."

"அது என்னுது."

"ஒரே வீட்டுக்குள்ள என்னடி உன்னுது என்னுது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

மேடையில் மாமா மைக்கைப் பிடித்தார். அவருக்குக் குரல் பிரச்சினையே இல்லை. "என் கையால் கட்டினேன், என் கையால் அவிழ்க்கிறேன்" என்றார், கணீரென்று. நான் அத்தனை நாள் பூசணியிடம் சொல்லிப் பார்த்த வரி. அது இவ்வளவு சுலபமான வரி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு குனிந்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து, நூலைத் தொட்டு நனைத்தார்.

அதுவரைக்கும் நான் அப்பாவும் மாமாவும் சேர்ந்து செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் என்னைப் போலவே இப்போதுதான் தெரிந்திருக்கும், வீட்டுக்குப் போனதும் அவள் கேட்பாள் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எச்சிலை நான் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். திரும்பி அவளைப் பார்த்தேன். அக்காவின் கண் மாமாவின் விரலிலேயே இருந்தது. உதடு லேசாக அசைந்தது, பிள்ளை மேடையில் பாட்டுச் சொல்லும்போது அம்மா கூடவே முணுமுணுப்பது போல.

மாமா இடப்பக்க நுனியைப் பிடித்து இழுத்தார்.

இறுகியது.

மறுபடி அதையே இழுத்தார், இன்னும் பலமாக. அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தது அக்காவின் கைக்கு. அவள் கட்டினால் இடப்பக்கம் அவிழும். அவள் அதை அப்படியே அவருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் காம்பில் இருந்தது நான் கட்டியது, வலது கையால். அவர் இழுக்க இழுக்க முடிச்சு கடுகு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "மாமனார் வீட்டை விட்டு நீங்க போகாத மாதிரி, நூலும் காம்பை விட்டுப் போகமாட்டேங்குதா?"

ஊர் கைகொட்டிச் சிரித்தது. மாமாவும் சிரித்தார், கழுத்தெல்லாம் வியர்வையோடு. செங்கல் சூளைக்காரர் சிரிக்கவில்லை. மீசையை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"கட்டினவருக்குத்தானே அவிழும்?" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கினாள். "போடி" என்றாள். "போய் அவிழ்த்து விட்டுட்டு வந்துடு. மாமா மானம் போகுது."

நான் நகரவில்லை.

"தயவு பண்ணுடி. உன் காலைப் பிடிக்கிறேன்."

அம்மா அதற்குள் கையை உயர்த்திவிட்டாள். "அவருக்குத் தடிச்ச விரல், அதான் மாட்டிக்கிச்சு! எங்க சின்னவளை அனுப்புறேன், அவளுக்குப் பொடி விரல்!" என்று மேடையைப் பார்த்துக் கூவினாள். யாரோ வழி விட்டார்கள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். நான் மேடையில் இருந்தேன்.

மேடையிலிருந்து பார்த்தால் ஊர் அவ்வளவு பெரியது என்று நான் நினைத்ததே இல்லை. காய்க்கு முன்னால் மண்டியிட்டேன். அது எனக்குத் தெரிந்த காய். நகத்தால் வளையத்தைப் பின்னுக்குத் தள்ளினேன், நெகிழ்ந்தது. வலப்பக்க நுனியை இழுத்தேன். நூல் என் மடியில் விழுந்தது.

எதிரே பண்ணையம்மா. வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் ஒரு கைக்குட்டை. அவர் நூலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"யாரும்மா இதைக் கட்டினது?"

மாமா என் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றார். கீழே அக்கா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டிருந்தாள். வழக்கமாக வருகிற கை என் தொண்டைக்கு வந்தது. வந்து அழுத்தியது. நான் அதையும் மீறி, "நான்" என்றேன்.

ஒரு சொல்தான். ஆனால் அவர் தள்ளி வைத்த மைக் என் பக்கத்தில்தான் இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. சிரிப்பு நின்றது.

அப்பா மேடைக்கு வந்தார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் மரத்தூள் வாசம். என் பக்கம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது, அந்தக் கணத்திலும்.

"கட்டினது இவதாங்க" என்றார் பண்ணையம்மாவிடம். "நூல் கட்டுறது, தண்ணி ஊத்துறது, இந்த மாதிரி சில்லறை வேலையெல்லாம் இவ பார்த்தா. காயை வளர்த்தது மருமகன்தான். வீட்டு ஆளுங்க கட்டினாலும் செல்லும்தானே?"

பண்ணையம்மா மாமாவைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

மாமா என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் முகத்தில் இல்லை என்கிற பதில்தான் இருந்தது, வாய்வரை வந்தது. பிறகு அவர் கீழே பார்த்தார், அக்காவை.

"ஆமாங்க. பூனை... தங்கச்சியும் கூடமாட ஒத்தாசை பண்ணுச்சு" என்றார்.

பண்ணையம்மா நூலை மறுபடி பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேண்டுக்காரர்கள் குழலை வாயில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். மன்றத்துக்காரர் ஒருவர் வந்து, "பதிவு மருமகன் பேர்லதாங்க இருக்கு" என்று காதில் சொன்னார். பண்ணையம்மா தலையசைத்தார். என் கையிலிருந்து நூலை எடுத்துக்கொண்டார்.

"நல்லாக் கட்டியிருக்கே" என்றார் என்னிடம். பிறகு மாமாவுக்குக் கை கொடுத்தார். வாத்தியம் ஆரம்பித்தது.

காயை அப்பாவே தன் ரம்பத்தால் அறுத்தார். ஜெயித்த காயின் விதையை ஊருக்குப் பங்கிடுவது வழக்கம், அடுத்த வருஷத்துக்கு. ஆளுக்கு ஒரு பிடி. எனக்கும் கொடுத்தார்கள். வரிசையில் நின்றுதான் வாங்கினேன். எனக்கு முன்னால் செங்கல் சூளைக்காரர் நின்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பிடியை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அத்தனை பேர் முன்னால கூடப்பிறந்தவளைக் காட்டிக் குடுக்கப் பார்த்தியே" என்று மட்டும் அம்மா சொன்னாள், என்னிடம் சொல்லாத மாதிரி, பாத்திரத்தோடு பேசுவது மாதிரி. காட்டிக் கொடுத்தவள் நான். அந்தச் சொல் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்கு என்னடி, சின்னப் பொண்ணு. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போயிடுவே. அவரு எத்தனை இடம் ஏறி இறங்கினாரு தெரியுமா? ராத்திரி தூங்காம உக்காந்திருப்பாரு. உன்கிட்ட நேராக் கேட்டா நீ குடுத்திருப்பியா?"

"கேட்டிருந்தா" என்றேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. அவர்கள் கேட்கவில்லை.

மாமா மட்டும் என் கண்ணைப் பார்க்காமல் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்ச நாள் போகட்டும் பூனை. நான் பண்ணையம்மாகிட்ட சொல்லி உன்னையும் உள்ள சேர்த்துவிடுறேன்" என்றார். எனக்கு வரவேண்டியதை எனக்கே சிபாரிசு செய்கிறேன் என்கிறார். அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மாமா பண்ணைக்குப் போக ஆரம்பித்தார். பரண்மேல் இருந்த பெட்டி இறங்கியது, பண்ணைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வீடு பார்த்தார்கள். வலைக் கூடாரங்களில் அடுத்த பயிர் பூக்கத் தொடங்கியது. காய்ந்துபோன என் கொடியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அக்கா வந்தாள். குழந்தை இப்போது பிடிமானம் இல்லாமல் நடந்தது. பூசணி இருந்த இடத்துக்கு நேராகப் போய், பலகையைப் பார்த்துவிட்டு, வெறும் பலகையைத் தட்டியது.

அக்காவின் கையில் ஒரு நூல்கண்டு, புதுசு.

"அங்க எல்லாரையும் அவங்கவங்க முடிச்சைப் போடச் சொல்றாங்களாம்" என்றாள். "அவருக்கு நிக்கவே மாட்டேங்குது. கட்டினா காலையில அவிழ்ந்து கிடக்குதாம், இல்லாட்டி அவிழவே மாட்டேங்குதாம். பண்ணையம்மா ஒரு மாதிரி பாக்குறாங்களாம். நீ எனக்கு இன்னொரு தடவை சொல்லிக் குடேன். இந்தத் தடவை ஒழுங்காக் கத்துக்கிறேன்."

அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, நூலை உருவி, சொல்லாமலே நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அதே சிரிப்பு. அது அன்றைக்கும் பொய்யில்லை, இன்றைக்கும் பொய்யில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். நூல் நுனியைக் கையில் வாங்கினேன்.

"யார் கைக்குச் சொல்லித் தரணும்கா?" என்றேன். "உன் கைக்கா, மாமா கைக்கா?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. எதற்காகக் கேட்கிறேன் என்று முதலில் புரியவில்லை. தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள், நூலைப் பார்த்தாள், மேடையில் மாமா ஏன் தப்பான நுனியை இழுத்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முகம் சிவந்தது.

நூல்கண்டை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்து, மிச்சக் கொடியைப் பிடுங்கப் போனேன்.